வாப்பா வழியைத் தேடுபவர்களுக்கு ‘பிக் ஒய்-700’: கீழக்கரைக் கடற்கரையிலிருந்து ஒரு மதிப்புரை

கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை, தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையோரத்தில் எந்த மரைக்காயர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தாலும், “எங்க முன்னோர் அரபு நாட்டிலேருந்து மரக்கலத்துல வந்தவங்க” என்ற பேச்சு ஒரு முறையாவது வரும். ஒரு வீட்டில் ஏமன் என்பார்கள், இன்னொரு வீட்டில் கெய்ரோ என்பார்கள். ஊரளவில் இந்தப் பேச்சுக்கு ஆதாரம் இருக்கிறது. பெரியபட்டினத்தின் பழைய பெயர் பவித்திரமாணிக்கப்பட்டினம். அங்கிருந்த சோனகச் சாமந்தப் பள்ளியை (சோனகர் என்றால் அரபு வழி முஸ்லிம்கள், பள்ளி என்பது பள்ளிவாசல்)த் திருப்புல்லாணிக் கோயிலின் பாண்டியர் காலக் கல்வெட்டே குறிப்பிடுகிறது. ஆனால் ஊருக்கு அரபு வணிகர் வந்தார்கள் என்பது வேறு, உங்கள் வாப்பாவின் (தகப்பனாரின்) வாப்பாவின் வாப்பா அவர்களில் ஒருவரா என்பது வேறு. இரண்டாவது கேள்விக்கு விடை தேடித்தான் இப்போது பலரும் ஃபேமிலி ட்ரீ டிஎன்ஏ நிறுவனத்தின் ‘பிக் ஒய்-700’ என்ற மரபணுப் பரிசோதனையை வாங்குகிறார்கள். வாங்கலாமா என்று கேட்பவர்களுக்காக இந்த மதிப்புரை.

முதலில் தீர்ப்பு. ஒரே ஆளுக்கு எடுத்தால் பெரும்பாலும் காசு வீண். ஒரே வகையறாவின் தூரத்துக் கிளைகளிலிருந்து இருவருக்கு எடுத்தால், இந்த வேலைக்கு இன்று கடையில் கிடைக்கும் மிகக் கூர்மையான கருவிகளில் இது ஒன்று.

ஒய் குரோமோசோம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகிறது. போகிற வழியில் எப்போதாவது அதன் டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்று மாறும்; மாறிய எழுத்து அதற்குப் பின் வரும் ஆண் மக்கள் எல்லோரிடமும் முத்திரைபோலத் தங்கிவிடும். ‘பிக் ஒய்’ அந்தக் குரோமோசோமில் நம்பகமாகப் படிக்கக்கூடிய பகுதியை, ஏறத்தாழ ஒன்றரைக் கோடி எழுத்துகளை, வரிசையாகப் படிக்கிறது. அந்த அளவில் படிக்கும்போது சராசரியாக 80 ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளியில் ஒரு புதிய முத்திரை கிடைக்கும். மூன்று தலைமுறைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். இதே நிறுவனத்தின் மலிவான ‘ஒய்-37’ வேறு வகை. அது 37 இடங்களில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளை எண்ணுகிறது. அந்த எண்ணிக்கை கூடவும் குறையவும் திரும்பவும் செய்யும் என்பதால், இருவரும் நெருங்கியவர்களா தூரத்தவர்களா என்று சொல்லுமே தவிர, எந்தக் கிளை எப்போது பிரிந்தது என்று சொல்லாது. எச்சிலைத் துப்பி அனுப்பினால் “இத்தனை சதவீதம் அரபு, இத்தனை சதவீதம் தென்னிந்தியா” என்று வண்ணப்படம் தரும் பரிசோதனைகள் இந்தத் தேடலுக்குப் பொருந்தவே பொருந்தா. பத்துத் தலைமுறைக்கு முன் உங்களுக்கு 1,024 முன்னோர் இடங்கள். கப்பலில் வந்தவர் அதில் ஒருவர். அவருடைய பங்கு அந்தச் சதவீதக் கணக்கில் கரைந்து காணாமல் போயிருக்கும்.

கருவியை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைதான் பெரிது, அது இலவசமும்கூட. இருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் ஆண் வழி மட்டும் உள்ள ஒரு கொடிவழி கையில் இருக்க வேண்டும். இந்தக் கரையில் அது சுலபமில்லை. கீழக்கரையில் வீடு பெண்ணுக்குப் போகிறது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். ஆகவே வீட்டுப் பெயரையும் வீட்டுப் பத்திரத்தையும் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் உம்மா, உம்மாவின் உம்மா என்று பெண் வழியில்தான் போய்ச் சேருவீர்கள். வாப்பா வழியைக் காட்டுபவை தோப்பு, கடை, தோணி போன்றவற்றின் பத்திரங்கள். அவற்றிலும் பாகப்பிரிவினைப் பத்திரம் பொன் போன்றது. ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒரு பங்கு என்று பிரித்து எழுதியிருப்பார்கள். யாருக்கு எத்தனை பங்கு என்று எண்ணிப் பார்த்தாலே எத்தனை ஆண் மக்கள், எத்தனை பெண் மக்கள் என்று தெரிந்துவிடும். வீட்டில் சொல்லப்படும் கணக்கோடு அது ஒத்துப்போகாவிட்டால், வாய்வழிக் கணக்கில் ஒரு கிளை விடுபட்டிருக்கிறது என்று பொருள். மலேசியாவுக்கோ இலங்கைக்கோ போய் அங்கேயே தங்கிவிட்ட தம்பிகள்தான் பெரும்பாலும் விடுபடுவார்கள்.

பள்ளிவாசல் நிக்காஹ் தஃப்தரை (திருமணப் பதிவேட்டை)ப் பார்க்க ஜமாஅத் நிர்வாகத்திடம் எழுதிக் கேளுங்கள். என்ன பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று குறிப்பிட்டுக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். “எல்லாத்தையும் பார்க்கணும்” என்றால் தயங்குவார்கள், அது நியாயமும்கூட. மையவாடியில் (அடக்கத்தலத்தில்) மீஸான் கல்லை, அதாவது கப்றின் தலைக்கல்லைப் படிக்கப் போவதானால் காலைச் சாய்வெயிலில் போங்கள். தேய்ந்த எழுத்தும் பக்கவாட்டு வெளிச்சத்தில் எழும்பித் தெரியும். மாவோ சுண்ணாம்போ தடவ வேண்டாம், கல் கெட்டுப்போகும். ஹிஜ்ரி ஆண்டை மாற்ற, அதில் நூற்றுக்கு மூன்று கழித்து 622 கூட்டுங்கள். 1250 என்றால் 37 போக 1213, 622 கூட்டினால் 1835. உண்மையில் அந்த ஹிஜ்ரி ஆண்டு 1834 மே மாதம் தொடங்கி 1835 வரை ஓடியது. கொல்லம் ஆண்டு இருந்தால் 825 கூட்ட வேண்டும், அந்த ஆண்டின் முற்பகுதி, அதாவது டிசம்பர் வரை என்றால் 824. வெறும் ‘பிரபவ’ என்று மட்டும் இருந்தால் 1867-ஆகவும் இருக்கலாம், 1927-ஆகவும் இருக்கலாம். பத்திரத்திலுள்ள வேறு ஆட்களைக் கொண்டுதான் முடிவு கட்ட வேண்டும்.

அடிக்கடி நடக்கும் பிழைகள் மூன்று. மூன்றும் கொடிவழியையே சாய்த்துவிடும் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூத்த பேரனுக்குப் பாட்டனார் பெயர் வைப்பது இங்கே வழக்கம். செய்யது முகம்மது மகன் காதர் மீரா, அவர் மகன் செய்யது முகம்மது, அவர் மகன் காதர் மீரா என்று சங்கிலி ஓடும். பத்திரத்தில் ‘செய்யது முகம்மது மகன் காதர் மீரா’ என்றிருந்தால் அது பாட்டனாகவும் இருக்கலாம், பேரனாகவும் இருக்கலாம். இருவரையும் ஒருவராக எண்ணி இரண்டு தலைமுறையைத் தொலைத்தவர்கள் ஏராளம். நான்கெல்லையில் வரும் அண்டை நிலக்காரர்களின் பெயரைப் பாருங்கள். அவர்களும் அதே காலத்தவர்களா என்பதை வைத்துப் பிரித்துவிடலாம்.

அடுத்தது ‘அப்பா’ என்ற சொல். கீழக்கரைப் பேச்சில் தகப்பனார் வாப்பா, பாட்டனார் அப்பா. சென்னையிலோ துபாயிலோ வளர்ந்த பேரப்பிள்ளை, பெரியவர் சொல்லச் சொல்ல ‘அப்பா’ என்பதைத் தகப்பன் என்று குறித்துக்கொள்கிறான். ஒரு தலைமுறை அப்படியே மறைந்துவிடும். பெயரைக் கேட்டவுடன் “அவங்க உங்க வாப்பாவுக்கு என்ன முறை?” என்று மறுபடியும் கேட்டு எழுதுங்கள்.

மூன்றாவது, அரபு எழுத்தில் தமிழ் எழுதிய அரபுத்தமிழ் ஏடுகளில் கிடைக்கும் பெயர் வரிசை. பெயருக்குப் பெயர் ‘இப்னு’ அல்லது ‘பின்’ என்று இருந்தால் அது தகப்பன்-மகன் வரிசை. ஸில்ஸிலா என்றிருந்தால் அது தரீக்காவின் (சூஃபி வழியின்) ஷெய்கு-முரீது, அதாவது குரு-சீடர் வரிசை. ரத்த உறவு அல்ல. பரக்கத்தான ஏடு என்று பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பதாலேயே அதைக் குடும்ப சஜரா (வம்சாவளி) என்று நம்பிவிடுகிறார்கள். தெரிந்த ஆலிமிடம் ஒரு முறை காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள்.

அரசு ஆவணத்தில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகலாம். ராமநாதபுரம் 1803-இலிருந்து ஜமீன். 1948 சட்டத்துக்குப் பிறகுதான் ஒழிந்தது. அதனால் மற்ற ஜில்லாக்களில் அரசு நேராக உழவரிடம் வரி வாங்கிய ரயத்துவாரி ஊர்களில் கிடைப்பதுபோன்ற பத்தொன்பதாம் நூற்றாண்டு செட்டில்மெண்ட் (நில அளவை-வரி) பதிவேட்டை இங்கே தேடி அலைய வேண்டாம். சார்பதிவாளர் அலுவலகத்துப் பழைய பதிவுப் பத்திரங்களே கதி. ராமநாதபுரம் ஜில்லா 1910-இல்தான் உருவானது என்பதால், அதற்கு முந்தையவற்றை ‘மதுரை’ என்ற பெயரில் தேட வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் ஆளைத் தேர்ந்தெடுக்கலாம். அண்ணன் தம்பி வேண்டாம், பெரியவாப்பா மகனும் வேண்டாம். உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த மிக மூத்த ஆண் முன்னோர் யாரோ, அவருடைய இரண்டு ஆண் மக்களின் வழியில் கிளைக்கு ஒருவராக இப்போது உயிரோடிருக்கும் இருவர் வேண்டும். நடுவில் எந்த இடத்திலும் மகள் குறுக்கிடக் கூடாது. சொந்தத்துக்குள்ளேயே சம்பந்தம் செய்து வந்த ஊர்களில் ஒரே ஆள் நான்கு வழியில் உறவாக இருப்பார்; “அவரும் நம்ம வகையறாதான்” என்பது மட்டும் போதாது. இருவருக்கும் முதலில் மலிவான ஒய்-37 எடுத்துப் பார்ப்பதே புத்திசாலித்தனம். 37-இல் நான்குக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இந்த நிறுவனத்தின் பட்டியலில் இருவரும் பொருத்தமாகவே தெரிய மாட்டார்கள். அப்போது பெரிய செலவுக்குப் போகும் முன் கொடிவழியை மறுபடி பார்க்க வேண்டும். பொருந்தினால் அதே மாதிரியை வைத்தே பிக் ஒய்க்கு உயர்த்திக்கொள்ளலாம், புதிதாக எடுக்க வேண்டியதில்லை.

பெட்டிக்குள் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்க்கும் குச்சிகளும், திரவம் உள்ள சிறு குப்பிகளும் இருக்கும். தேய்ப்பதற்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. ஒரு குச்சிக்கு ஒரு நிமிடம் வரை, கன்னச் சதையில் அழுத்தித் தேய்க்க வேண்டும். எச்சிலை நனைத்து எடுப்பது பிரயோஜனமில்லை, தோலணுக்கள்தான் வேண்டும். பெரியவர்களின் மாதிரி தோற்றுப்போவது இங்கேதான். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவராக இருந்தால் முதல் நாள் இரவு வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, காலையில் எழுந்ததும் எதுவும் வாயில் போடுவதற்கு முன் எடுங்கள். சர்க்கரை நோயால் வாய் உலர்ந்திருப்பவருக்கு வெறும் தண்ணீர் கொடுத்து ஒரு மணி நேரம் கழித்து எடுக்கலாம். நோன்பு மாதமென்றால் தராவீஹ் (இரவுத் தொழுகை) முடிந்து ஒரு மணி நேரம் போனபின் வைத்துக்கொள்ளுங்கள். குச்சியின் நுனியைக் கையால் தொட வேண்டாம். குப்பியை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். பிக் ஒய்க்கு ஒய்-37-ஐவிடக் கூடுதல் டிஎன்ஏ தேவை. சோம்பலாக எடுத்த மாதிரி முதல் படியில் தேறி இரண்டாம் படியில் விழும். உயிரியல் மாதிரி என்பதால் கூரியர் கவுண்டரில் கேள்வி வரும். எதற்கான மாதிரி, எங்கே போகிறது என்று விளக்கும் தாளை நிறுவனத்திடமிருந்து முன்பே வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டு போனால் திரும்பி வர வேண்டியிராது.

விலை: சலுகை இல்லாத நாளில் பிக் ஒய் ஓர் ஆளுக்கு 400 டாலருக்கு மேல். இருவருக்கு, அனுப்பும் செலவும் சேர்த்து 70,000 ரூபாயைத் தாண்டிவிடும். ஏப்ரல் கடைசி வாரம், ஜூனில் தந்தையர் தினம், ஆண்டிறுதி ஆகிய மூன்று சமயங்களில் தள்ளுபடி வருவது வழக்கம். அவசரமில்லாத வேலை இது, காத்திருங்கள். ஒரே ஓர் அவசரம் உண்டு: கிளையின் கடைசி ஆண் வாரிசு 80 வயதைத் தாண்டியவராக இருந்தால் தள்ளுபடிக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

கணக்குத் தொடங்கும் இடத்தில் மூன்று கட்டங்களைக் கவனிக்க வேண்டும். ‘மிக மூத்த தந்தைவழி முன்னோர்’ என்ற கட்டத்தில் பத்திரத்தில் உள்ள பெயரையும், நாடு என்ற கட்டத்தில் இந்தியா என்பதையும் போடுங்கள். ஏமன் என்றோ சவூதி என்றோ நம்பிக்கையை எழுதிவிட்டால், நாளைக்கு இன்னொருவர் உங்கள் பெயரைப் பார்த்து “ஏமன்காரரோடு பொருந்துகிறேன்” என்று முடிவு கட்டுவார். ஒருவர் நம்பிக்கையே இன்னொருவருக்கு ஆதாரமாகிவிடும். இந்தத் துறையில் நடக்கும் பெரிய கேடு இதுதான். வாரிசுதாரர் கட்டத்தில் இளையவர் ஒருவர் பெயரைக் கட்டாயம் நிரப்புங்கள். காவல்துறை ஒப்பீட்டுக்கு அனுமதிப்பதா என்ற அமைப்பை மாதிரி கொடுத்தவரிடம் கேட்டபின் வையுங்கள். வந்த முடிவுகளை உடனே இறக்கி இரண்டு இடத்தில் சேமித்துவிடுங்கள். இதே தொழிலில் பெரிய பெயரான 23அண்ட்மீ 2025 மார்ச்சில் திவால் மனு போட்டதைப் பார்த்தோம். எந்த நிறுவனமும் நம் பெட்டகம் அல்ல.

இரண்டு மூன்று மாதத்தில் முடிவு வரும். முதலில் ஒரு கிளைப் பெயர். எல்-எம்27, எச்-எம்82 போன்றவை தென்னிந்தியாவில் பரவலாக உள்ளவை. ஜே-பி58 அரபு நாடுகளில் மிகுதி. ஜே2 வந்தவுடன் “அரபு வழி” என்று கொண்டாட வேண்டாம். அதன் சில கிளைகள் இந்தியாவில் மிகப் பழையவை. ஆர்1ஏ-வும் அப்படியே, இரண்டு பக்கமும் உண்டு. ஜே2 போன்ற தலைப்பெயரை விட்டுவிட்டு, அதற்குள் கடைசியாகப் பிரியும் நுனிக்கிளையைப் பார்க்க வேண்டும்.

இருவரும் ஒரே நுனிக்கிளையில் விழுந்தால், இருவருக்கும் பொதுவான முத்திரைகள் எத்தனை, ஆளுக்குத் தனியாக உள்ளவை எத்தனை என்று எண்ணுங்கள். பொதுப் பாட்டன் 300 ஆண்டுக்கு முன் வாழ்ந்தவரானால் ஒவ்வொருவரிடமும் தனி முத்திரை மூன்று நான்கு இருக்கலாம். ஒன்று இருந்தாலும் ஆறு இருந்தாலும் ஆச்சரியமில்லை. மாற்றம் காலண்டர் பார்த்து நடப்பதில்லை. நிறுவனம் தரும் ஆண்டு மதிப்பீட்டில் நடு எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளாமல் இரு எல்லைகளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வந்தேறிய முன்னோரின் காலத்தை எப்படிக் கணிப்பது? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஒரு பேச்சுக்கு, உங்கள் கிளைக்கு மிக அருகில் உள்ள அரபியரிடமிருந்து அது பிரிந்தது 1,100 ஆண்டுக்கு முன், கரையில் உள்ள உங்கள் இருவரின் பொதுப் பாட்டன் 350 ஆண்டுக்கு முன் என்று வைத்துக்கொள்வோம். கடல் கடந்தவர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறார். 1,100 என்பது அவர் வந்த ஆண்டு அல்ல. அவருடைய முன்னோரும் இன்றைய அந்த அரபியரின் முன்னோரும் அங்கேயே பிரிந்த காலம். நடுவில் உள்ள 750 ஆண்டு இடைவெளியை எந்த ஆய்வகமும் குறைத்துத் தராது; புதிய ஆட்கள்தான் குறைப்பார்கள். காயல்பட்டினம், அதிராம்பட்டினம், புத்தளம், மலபார் ஆகிய இடங்களில் அதே கிளைக்காரர் ஒருவர் கிடைத்தால் கீழ் எல்லை பின்னுக்குப் போகும். ஏமனின் ஹத்ரமவுத்திலோ ஓமானிலோ ஒருவர் கிடைத்தால் மேல் எல்லை முன்னுக்கு வரும். பொருத்தப் பட்டியலில் சவூதி, குவைத்துக்காரர்கள் நிறைய வருவதற்கும் பெரிய அர்த்தம் கொடுக்க வேண்டாம். அங்கே பரிசோதனை எடுத்தவர்கள் அதிகம், அவ்வளவுதான். தமிழர்கள் மிகக் குறைவாக எடுத்திருக்கிறார்கள். இந்தத் தேடலின் உண்மையான குறை இதுவே, இது கருவியின் குறை அல்ல.

உள்ளூர்க் கிளை வந்தால்? வரும் வாய்ப்பே அதிகம். இந்திய முஸ்லிம்களின் ஒய் குரோமோசோம் பற்றி 2010-இல் வெளியான ஆய்வு, பெரும்பகுதி அக்கம்பக்கத்து மக்களோடு ஒத்தது என்றும், மேற்காசியப் பங்கு சிறிதளவு தெளிவாகத் தெரிகிறது என்றும் கண்டது. உங்கள் வகையறாவில் அரபு முன்னோர் இல்லவே இல்லை என்பதும் இதற்கு அர்த்தமல்ல. வந்த வணிகரின் மகளை மணந்து அந்த வீட்டோடு சேர்ந்த உள்ளூர் மாப்பிள்ளையின் வழியாக நீங்கள் இருக்கலாம். வீடு பெண் வழியில் போகும் ஊரில் வகையறாப் பெயரும் மருமகன்மேல் ஏறிக்கொள்வது இயல்பு. இருவரின் முடிவும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போவதற்கும் பெரும்பாலும் இதுவோ, அனாதைப் பிள்ளையை எடுத்து வளர்த்ததோ காரணமாக இருக்கும். எந்த உம்மாவின் பெயரையும் இழுக்க வேண்டாம். ஆனால் முடிவு இப்படியும் வரலாம் என்பதை மாதிரி எடுப்பதற்கு முன்பே இருவரிடமும் சொல்லி, வந்தால் யாருக்கெல்லாம் தெரிவிப்பது என்று எழுதி வாங்கிக்கொள்வது கட்டாயம். சொல்லாமல் பெரியவரிடம் குச்சியை நீட்டுவது அநியாயம்.

மறுதிசையில் தேடுபவர்களும் இருக்கிறார்கள்: மொரீஷியஸ், தென்னாப்பிரிக்காவிலிருந்து ராமநாதபுரத்து மூதாதையைத் தேடுவோர். அவர்களுக்கு இந்தப் பரிசோதனை இரண்டாம் பட்சம். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப் போன கப்பல்களின் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் உண்டு. மொரீஷியஸ் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. ஜில்லா இடத்தில் ‘மதுரை’ என்றிருந்தால் ஒதுக்கிவிடாமல் தாலுகாவையும் ஊரையும் படியுங்கள். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள். வாய்விட்டுப் படித்தால்தான் பிடிபடும்.

கூடுதலாக பிஏஎம் கோப்பு (படித்த டிஎன்ஏ எழுத்துகளின் மூலத் தரவு) வாங்கி, ஒய் கிளைகளை ஒப்பிடும் ஒய்ஃபுல் தளத்தில் ஏற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: அதற்குத் தனிக் கட்டணம், ஒய்ஃபுல்லுக்கு இன்னொரு கட்டணம். ஜே-பி58 கிளை வந்தவர்களுக்கு மட்டும் அது தகும், அங்கே அரபு நாட்டு மாதிரிகள் கூடுதலாக ஒப்பிடக் கிடைக்கும். எல், எச் கிளைக்காரர்கள் அந்தப் பணத்தில் மூன்றாவது கிளையிலிருந்து ஒருவருக்கு ஒய்-37 எடுங்கள்.